கரிசற்புழுதியும் என்ஜின் எண்ணெய் வடிகட்டியும்

விருதுநகர் ஜில்லாவின் கரிசல் நிலங்களில் ஏர்மாடுகள் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இன்று டிராக்டர்கள் செய்துவருகின்றன. சாத்தூர், அருப்புக்கோட்டை, வெம்பக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களில் கோடையுழவு முதல் மக்காச்சோளக் கதிரடிப்பு வரையில் என்ஜினின் உதவியின்றி நடைபெறும் வேலை சொற்பமே. மாட்டுக்குக் காலந்தவறாமல் பருத்திவிதையும் தண்ணீரும் காட்டிவந்த குடியானவர், என்ஜினுக்கு டீஸல் ஊற்றுவதை மறப்பதில்லை; டீஸல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். ஆனால் எண்ணெய் வடிகட்டி அடைத்துக்கொண்டால் வண்டி நிற்பதில்லை. வழக்கம்போல் ஓடும், வழக்கம்போல் உழும். இரண்டு மூன்று வருஷங்கள் கழித்து, விதைப்புக்கு ஈரம் வாய்த்திருக்கும் வேளை பார்த்து, கிராங்க் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்து வண்டி பட்டறைக்குப் போகும். காரணமும் காரியமும் இவ்வளவு தூரம் விலகி நிற்பதே வடிகட்டியைப்பற்றிய அலட்சியத்துக்கு மூலம்.

ஆயில் ஃபில்டர் என்று கடைவீதியில் வழங்கும் இச்சிறு தகரக் குடுவையைக் குடியானவர்கள் வாங்கும் முறையே முதலில் கண்டிக்கத்தக்கது. கழற்றிய பழைய வடிகட்டியைக் கையில் கொண்டுபோய், "இதுமாதிரி ஒண்ணு குடுங்க, அண்ணாச்சி" என்று கேட்பதே பெரும்பாலும் வழக்கம். கடைக்காரர் உயரத்தையும் சுற்றளவையும் ஒத்துப்பார்த்து இரண்டு மூன்று விலைகளில் எடுத்து வைக்கிறார். அவற்றில் மலிவானது விலைபேசி வாங்கப்படுகிறது. கையில் கொண்டுபோன பழையது அந்த என்ஜினுக்கு உரியதுதானா என்று விசாரிப்பவர் அரியர். முந்தின மெக்கானிக் தவறானதொன்றை மாட்டியிருந்தால் அத்தவறு பட்டாமாற்றம்போல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிவாகிக்கொண்டே போகும். பல லக்ஷம் ரூபாய் விலையுள்ள யந்திரத்தின் ஆயுள் இவ்வாறு சில நூறு ரூபாய்ப் பேரத்தில் நிர்ணயமாகிறது.

என்ஜினுக்குள் எண்ணெயின் வேலை வழுவழுப்பூட்டுவது மட்டுமன்று. சூட்டை வாங்கிச் செல்வதும், தேய்ந்த உலோகத்தூள், கரி, புழுதி ஆகியவற்றைத் தன்னோடு ஏந்திச் செல்வதும் அதன் வேலையே. அடித்தொட்டியிலிருந்து பம்பு இழுக்கும் எண்ணெய், வடிகட்டியின் காகித மடிப்புகளினூடே புகுந்து பேரிங்குகளுக்குச் செல்கிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப்படலம் பாரம் ஏறும்போது சில மைக்ரான் கனமே உடையது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதருடைய தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். ஆகவே கண்ணுக்குத் தெரியும் மணல் மட்டுமே கேடு என்று எண்ணுவது பிசகு. 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள துகள்கள், அதாவது விரலில் தேய்த்தாலும் நெருடாத பொடிகளே, அப்படலத்தின் இடைவெளிக்குள் நுழைந்து அரம்போல் ராவுகின்றன.

மோட்டார் வண்டிகளின் ஆரம்ப காலத்தில் இத்தகைய வடிகட்டி கிடையாது. 1908 முதல் 1927 வரையில் லக்ஷக்கணக்கில் செய்யப்பட்ட ஃபோர்டு டி மாதிரி வண்டியில் எண்ணெய் வடிகட்டி இல்லை. எண்ணெயை அடிக்கடி மாற்றுவது ஒன்றே பரிகாரமாக இருந்தது. 1923-ம் வருஷத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு என்பவர் பியூரோலேட்டர் என்ற வடிகட்டியை இயற்றினார். அடுத்த வருஷமே கிரைஸ்லர் வண்டியில் அது இடம்பெற்றது. ஆதியில் வந்தவற்றில் எண்ணெயின் ஒரு பகுதி மட்டுமே வடிகட்டி வழியே சென்றது. எண்ணெய் முழுவதும் வடிகட்டியைத் தாண்டியே பேரிங்குக்குச் செல்லும் ஏற்பாடு பின்னரே பரவிற்று. ஊரிலுள்ள பழைய டிராக்டர்கள் சிலவற்றில் ஒரு கிண்ணமும் நீண்ட போல்ட்டும் உள்ளே மாற்றத்தக்க காகிதச்சுருளும் இன்றும் காணலாம். பிற்காலத்தவற்றில் குடுவை முழுவதையும் திருகிக் கழற்றி எறிவதே முறை. முன்னதற்குச் சுருளை மட்டும் வாங்கிக் கிண்ணத்தின் ரப்பர் வளையத்தை மாற்றாமல் விடுவது பட்டறைகளில் சாதாரணமாய் நடக்கும் பிழை.

முழு எண்ணெயும் ஒரே வழியில் செல்வதால் ஓர் அபாயமும் உண்டு. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ, பேரிங்குக்கு எண்ணெய் போகாமல் நின்றுவிடும். அழுக்கெண்ணெயில் ஓடும் என்ஜின் மெல்லத் தேயும். எண்ணெயே இல்லாமல் ஓடும் என்ஜினோ சில நிமிஷங்களில் பிடித்துக்கொள்ளும். இதனைத் தவிர்க்கவே மாற்றுவழி வால்வு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. வடிகட்டியின் இருபுறத்துக்குமுள்ள அழுத்த வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவ்வால்வு திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே அனுப்பிவிடும். அந்த அளவு எல்லா என்ஜின்களுக்கும் ஒன்றன்று. சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டில் திறக்கும் வால்வும் உண்டு. 20 பவுண்டுக்குமேல் திறப்பதும் உண்டு. சில என்ஜின்களில் இவ்வால்வு என்ஜின் உடம்பிலேயே அமைந்திருக்கும். வேறு சிலவற்றில் வடிகட்டிக் குடுவைக்குள் இருக்கும். குடுவைக்குள் வால்வு வேண்டிய என்ஜினுக்கு வால்வில்லாத குடுவையை மாட்டினால், அடைப்பு ஏற்படும் நாளில் காகிதம் கிழியும், அல்லது பேரிங் பட்டினி கிடக்கும். அதிக அழுத்தத்தில் திறக்கவேண்டிய இடத்தில் குறைந்த அழுத்தத்தில் திறக்கும் வால்வை மாட்டினாலோ, பாரமான உழவில் எண்ணெயின் ஒரு பகுதி வடியாமலே சுற்றிக்கொண்டிருக்கும். இவ்விரண்டு குடுவைகளையும் அருகருகே வைத்தால் வெளித்தோற்றத்தில் அணுவளவும் வேற்றுமை காண இயலாது.

சிவகாசி வட்டாரத்தாருக்கு இதனை விளக்க அதிகப் பிரயாசை தேவையில்லை. ஒரே அளவுக் குழாய், ஒரே வர்ணத்தாள், ஒரே திரியுடைய இரண்டு வாணங்களில் ஒன்று பூச்சொரியும், மற்றொன்று வெடிக்கும்; வேற்றுமை உள்ளே கிட்டித்த மருந்தில் இருக்கிறது. தாளைப் பார்த்து மருந்தை அறிய முடியும் என்று அவ்வூரில் ஒருவரும் சொல்லார். அச்சுத்தொழிலிலும் அவ்வூர் பெயர்பெற்றதாதலால், அழகான பெட்டி ஒன்றை அச்சிடுவது எவ்வளவு சுலபம் என்பதையும் அங்குள்ளவர்கள் அறிவார்கள். அப்படியிருந்தும் வடிகட்டி விஷயத்தில் மட்டும் பெட்டியின் பளபளப்பும் பெயரின் சாயலும் அத்தாட்சியாகக் கொள்ளப்படுவது வியப்பே.

மரையைப்பற்றியும் சிறிது விரிவாகக் கூறவேண்டும். "மரை ஏறினால் போதும்" என்பது பட்டறைகளில் வேதவாக்காக வழங்குகிறது. வடிகட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் மரைகளில் ஒன்று முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 சுற்றும் உடையது. மற்றொன்று 20 மில்லிமீட்டர் விட்டமும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியும் உடையது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். ஆகவே 20 மில்லிமீட்டர் மரையுள்ள குடுவை முக்கால் அங்குலத் தண்டின்மேல் தடையின்றி ஏறும். ரப்பர் வளையம் அமுங்கியதும் இறுகியதுபோலவும் தோன்றும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பற்றியிருக்கும். என்ஜின் அதிர்விலும் எண்ணெய் அழுத்தத்திலும் ஒருநாள் அது நழுவி, எண்ணெய் பீறிடும். பீறிடும் எண்ணெய் சிவக்கக் காய்ந்த புகைபோக்கிக் குழாயின்மேல் பட்டால் தீப்பற்றவும் கூடும். பட்டாசுக் கொட்டகைகளை ஒட்டிய புஞ்சைகளில் உழும் வண்டிகளில் இவ்வகைத் துணிச்சல் சிறிதும் தகாது. அங்கே நஷ்டம் வண்டிக்காரரோடு நில்லாது.

பழைய ரப்பர் வளையம் என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய வளையத்துடன் குடுவையை இறுக்கிவிடுவதாலும் இதே விபத்து நேரும். முகத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, புதிய வளையத்தில் எண்ணெய் பூசி, வளையம் தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்குவதே பொதுவான முறை. சங்கிலி ஸ்பானரால் முறுக்கினால் இறுக்கம் கூடும் என்று எண்ணுவோர் அடுத்த முறை குடுவையைக் கழற்ற உளியும் சுத்தியும் எடுக்கவேண்டியதாகும்.

இனி, படித்த மிராசுதார்களிடம் காணப்படும் வேறொரு மயக்கம். மிக நுண்ணியதாக வடிகட்டுவதே மிக நல்லது என்று கருதி, விலையுயர்ந்த அயல்நாட்டு வடிகட்டிகளைத் தேடுவோர் சிலர் உளர். காகிதத்தின் துவாரம் சிறுத்தால் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் மேலே கூறிய வால்வு திறக்கும். வால்வு திறந்தால் எண்ணெய் வடியாமலே ஓடும். பரப்பும் கொள்ளளவும் கூட்டாமல் துவாரத்தை மட்டும் சிறிதாக்குவதால் பயனில்லை. வடிகட்டிகளைச் சோதிப்பதற்கு 4548 என்ற எண்ணுள்ள சர்வதேசத் தரவிதியின் 12-ம் பகுதி இருக்கிறது. இன்ன அளவுத் துகளில் நூற்றுக்கு எத்தனை பிடிபடுகிறது என்பதும், எவ்வளவு அழுக்கைத் தாங்குகிறது என்பதும் அதன்படி அளக்கப்படும். "20 மைக்ரான் வடிகட்டி" என்று மட்டும் பெட்டியில் போட்டிருந்தால் அதற்குப் பொருளில்லை. அவ்வளவுள்ள துகளில் பாதியைப் பிடிப்பதையும் அப்படிச் சொல்லலாம்; நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குமேல் பிடிப்பதையும் அப்படியே சொல்லலாம்.

டீஸல் என்ஜினில் எண்ணெய் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடுவதைக் கண்டு வடிகட்டியைப் பழிப்பதும் சரியன்று. அக்கறுப்பு ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கரித்துகள்களால் வருவது. சாதாரணக் காகித வடிகட்டி அவற்றைப் பிடிக்காது, பிடிக்கவேண்டுமென்று அமைக்கப்பட்டதும் அன்று. அவற்றைச் சேரவிடாமல் கலைத்து வைத்திருப்பது எண்ணெயிலுள்ள சேர்க்கைப் பொருளின் வேலை. வெளியேற்றுவது எண்ணெய் மாற்றும்போதுதான்.

இந்த ஜில்லாவுக்கென்று தனியே சொல்லவேண்டியது புழுதியைப்பற்றியதே. கரிசல் மண்ணில் களிப்பொருள் மிகுதி. ஈரத்தில் சேறாய் ஒட்டும், கோடையில் பாளம்பாளமாய் வெடிக்கும். ஆடி ஆவணியில் சுழற்கலப்பை அப்பாளங்களைப் பொடியாக்கும்போது வண்டியே கண்ணுக்குத் தெரியாதபடி புழுதி எழும். களித்துகள் இரண்டு மைக்ரானுக்கும் குறைந்தது. அதனோடு சுக்கான் பொடியும் நுண்மணலும் கலந்திருக்கும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணிலோ வெங்கச்சங்கல்லின் நுண்பொடி அதிகம். அது என்ஜின் இரும்பையும் அறுக்கும் கடினம் உடையது. கண்மாய் வண்டல் அடிக்கும் மாதங்களில் டிரெய்லர் கட்டிய வண்டி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல, முன்வண்டியின் புழுதி முழுவதையும் பின்வண்டியின் என்ஜின் மூச்சாக இழுக்கிறது.

இப்புழுதி எண்ணெய்க்குள் வரும் வழி எது? எண்ணெய் ஊற்றும் மூடி வழியே வருவது கொஞ்சம். பெரும்பங்கு காற்றோடு சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் இறங்குகிறது. அதாவது, எண்ணெய் வடிகட்டியை அடையுமுன்பே அது சிலிண்டரையும் வளையங்களையும் ராவிவிட்டது. ஆகையால் ஏர் கிளீனர் எனப்படும் காற்று வடிகட்டியைக் கவனியாமல் எண்ணெய் வடிகட்டிக்கு எவ்வளவு செலவு செய்தாலும், வாசலைத் திறந்துவைத்து உள்ளே களவு போன பொருளை எண்ணுவது போலாகும்.

இதற்குத் தென்னாட்டிலேயே பழைய சான்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் முடையால் பஸ்கள் நின்றுபோகும் நிலை வந்தது. அப்போது மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் அடுப்புக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கருவிகளைச் செய்து வழங்கினர். கரிவாயுவில் ஓடும் வண்டிகளின் பெரும் பகை சாம்பலும் கரித்தூளுமே. வாயுவைக் குளிர்வித்துத் துப்புரவாக வடித்து அனுப்பினால் வண்டி ஓடும். வடிப்பில் குறை நேர்ந்தால் சிலிண்டர் வெகுசீக்கிரம் தேயும். மூச்சுவழியே வரும் தூளை வாசலிலேயே நிறுத்தவேண்டும் என்பதை அக்காலத்து டிரைவர்கள் தினந்தோறும் கையில் கரிபடக் கற்றார்கள். இன்று புழுதி கண்ணுக்குத் தெரியாமல் போவதால் அப்பாடம் மறந்துபோயிற்று.

எண்ணெய்த்தொட்டி கொண்ட காற்று வடிகட்டியாயின், புழுதி வேலை நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அடியில் சேறு படிந்திருந்தால் கழுவிக் குறியளவுக்குப் புது எண்ணெய் விடவேண்டும். குறிக்குமேல் விட்டால் என்ஜின் எண்ணெயை இழுக்கும், குறைந்தால் புழுதி தாண்டிவிடும். உலர்ந்த காகித வகையில் நேர்மாறான குற்றம் நடக்கிறது: அதைத் தேவையின்றி அடிக்கடி கழற்றி, டயரில் தட்டி, பஞ்சர் கடைக் காற்றால் ஊதி, காகிதத்தைக் கிழித்துவிடுகிறார்கள். அடைப்புக் காட்டி இருந்தால் அதைப் பார்த்து மாற்றுவது மேல். இரண்டுக்கும் பொதுவான சோதனை ஒன்றுண்டு. காற்று வடிகட்டிக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயைக் கழற்றி, உட்புறத்தைச் சுத்தமான விரலால் தடவவேண்டும். விரலில் புழுதி ஒட்டினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. வளையப் பட்டி தளர்ந்திருக்கலாம், ரப்பர் வெடித்திருக்கலாம். அதைச் சீர்செய்யாமல் வேறெந்தச் செலவும் செய்வது வீண்.

மாற்றவேண்டிய காலம் அடுத்த கேள்வி. டிராக்டர்களுக்குப் புதிதில் 50 மணி நேரத்திலும், பிறகு பெரும்பாலும் 250 மணிக்கு ஒரு முறையும் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றச் சொல்லிக் கம்பெனிக் கையேடுகள் கூறுகின்றன. சில வண்டிகளுக்கு வேறு கணக்கு. அக்கையேடுகளிலேயே, புழுதியில் உழைக்கும் வண்டிக்குக் காலத்தைக் குறைக்கவேண்டும் என்ற வாசகமும் இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதால் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. கரிசற்காட்டில் ஆடி முதல் புரட்டாசி வரை நடக்கும் வேலை முழுவதும் அந்தச் சிறிய எழுத்துக்கு உட்பட்டதே. விதைப்பு முடிந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது, களை முற்றிய பிறகு கொத்துவது போன்றது. எண்ணெயை மாற்றி வடிகட்டியை "அடுத்த தடவை" என்று விட்டுவிடுவதும் தகாது. பழைய குடுவையில் நிற்கும் அழுக்கெண்ணெய் புதிய எண்ணெயோடு உடனே கலந்துவிடும். பழைய காகிதச்சுருளை டீஸலில் அலசி மறுபடி மாட்டுவோருக்கும் ஒரு வார்த்தை: அலசும்போது வெளிப்புற அழுக்கில் ஒரு பகுதி உட்புறம் புகுகிறது, அது நேரே பேரிங்குக்குப் போகும்.

அப்படியானால் எதை வாங்குவது? என்ஜினின் கையேட்டில் வடிகட்டிக்கு ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்பதே வாங்கும் முறை. பழைய குடுவையைக் காட்டுவதன்று. கையேடு தொலைந்திருந்தால் வண்டியின் மாதிரிப்பெயரையும் என்ஜின் எண்ணையும் கம்பெனி ஏஜென்சியில் கொடுத்து அவ்வெண்ணைத் தெரிந்து, வண்டியின் மட்கார்டு உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வைத்துவிடலாம். டிராக்டர்க் கம்பெனியின் பெயரிட்ட பெட்டி ஒன்றே உத்தமம், மற்றவையெல்லாம் போலி என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்வதை முழுவதும் ஏற்கவேண்டியதில்லை. டிராக்டர்க் கம்பெனிகள் பொதுவாகத் தாமே வடிகட்டி செய்வதில்லை; வடிகட்டி செய்வதற்கென்றே உள்ள தொழிற்சாலைகளில் வாங்கித் தம் பெட்டியில் இடுகின்றன. அத்தொழிற்சாலையார் தம் சொந்தப் பெயரில் விற்கும்போது, கம்பெனி எண்ணுக்கு நேரான தம் எண்ணையும் அட்டவணையில் காட்டுகிறார்கள். அவ்வாறு எண்ணுக்கு எண் ஒத்தது விலை குறைவாயிருந்தாலும் தாராளமாய் வாங்கலாம். உத்தரவாதக் காலத்தில் மட்டும் கம்பெனிப் பெட்டியும் ரசீதும் இருப்பது வழக்கைக் குறைக்கும். செய்தவர் பெயரில்லாமல், "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்ற வாசகத்தோடு வருவதை எவ்வளவு மலிவாயினும் தொடலாகாது. ரசீது கொடுக்க மறுக்கும் கடையில் நல்ல சரக்கு இருந்தாலும் வாங்காமலிருப்பது நலம்.

சொந்தக் கார் வைத்திருப்போருக்கும் இதே விதி. ஒன்றிரண்டு விசேஷங்கள் மட்டும் உண்டு. 2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் நடப்பிலுள்ள பாரத் ஆறாம் நிலைப் புகை விதிகளுக்கு இணங்க வந்துள்ள என்ஜின்களில் பல மிக மெல்லிய எண்ணெயைக் கொள்கின்றன. எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்கும் நுண்ணிய பாகங்களும் உடையவை. குடுவை பக்கவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டப்படும் வண்டிகளில், நிறுத்திய பின் எண்ணெய் வடிந்துபோகாமல் தடுக்கும் ரப்பர் வால்வு குடுவைக்குள் வேண்டும். மலிவுச் சரக்கில் அந்த ரப்பர் சூட்டில் விறைத்துப்போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி 'கடகட' என்று சத்தம் கேட்பது பல வண்டிகளில் இதனாலேதான். மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் காருக்குக் கையேட்டின் கிலோமீட்டர் கணக்கு போதும். தோட்டத்து மண்பாதையில் தினமும் போய்வரும் காரைப் புழுதி வண்டியாகவே பாவிக்கவேண்டும்.

சொந்த வண்டிக்காவது நஷ்டப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார். பொது வண்டிகளின் நிலைமையே அதிகக் கவலைக்குரியது. 2017–18-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசினர் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில், 100 குடியானவர்கள் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு ஒவ்வொன்றுக்கும் பொது யந்திரங்களுக்காக 5 லக்ஷம் ரூபாய் மூலநிதி அளிக்கப்பட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் சிலவும் வாடகைக்கு யந்திரங்கள் வைத்துள்ளன. இவற்றின் நோக்கம் மிகவும் மெச்சத்தக்கது. சிறு குடியானவர் தனியார் வண்டிக்குக் காத்திருந்து ஈரத்தைப் பறிகொடுக்கும் நிலைக்கு அது நேரான மருந்து. ஆனால் நூறு பேருக்குச் சொந்தமான என்ஜினின் எண்ணெய்க்குச்சியை இழுத்துப் பார்ப்பவர் யார்? வாடகைக்கு எடுத்தவர் டீஸல் ஊற்றுகிறார், டிரைவர் மணிக்கணக்கு எழுதுகிறார், குழுத்தலைவர் வசூலைப் பார்க்கிறார். வடிகட்டி ஒருவர் பொறுப்பிலும் இல்லை. டிரைவரிடமே பணங்கொடுத்து மாற்றிவரச் சொல்வதும் நடக்கிறது. அவர் நேர்மையானவராயினும் மலிவானதை வாங்கிக் குழுவுக்குப் பணம் மிச்சம்பிடித்துக் கொடுப்பதையே நல்ல பெயருக்கு வழியாக எண்ணுவார். அவர்மேல் குற்றமில்லை, ஏற்பாட்டின்மேல் குற்றம்.

கிராம அதிகாரிகளும் சங்கக் காரியதரிசிகளும் இதில் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. மணி மீட்டர் காட்டும் எண், தேதி, மாற்றிய எண்ணெயின் தரம், வடிகட்டியின் எண், கடை ரசீது எண் ஆகியவற்றை எழுத ஒரு நோட்டுப் புஸ்தகம் போதும். அது வண்டியில் கிடவாமல் ஆபீஸில் இருக்கவேண்டும். வடிகட்டிகளை ஆனி மாதத்திலேயே அவ்வருஷத்துக்கு வேண்டிய எண்ணிக்கையில் சங்கமே மொத்தமாக வாங்கிப் பூட்டில் வைக்கலாம். ஒரே மாதிரி வண்டி வைத்துள்ள அடுத்த ஊர்க் குழுவோடு சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும், போலிச் சரக்கு நுழையவும் இடமிராது. வாடகையில் மணிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக்கென ஒரு தொகையைத் தனியே பிரித்து வைப்பது அவசியம். வசூல் முழுவதையும் லாபமாகக் காட்டும் குழு, என்ஜினின் இரும்பையே சிறிதுசிறிதாக விற்று வரவு எழுதுகிறது என்பதே உண்மை. மானியத்தைப் பெற்றுத்தருவதில் காட்டும் ஊக்கத்தில் கால்பங்கை இதற்குக் காட்டினால் பொது வண்டிகள் பல அகாலத்தில் மரத்தடியில் நில்லா. வேளாண்மைப் பொறியியல் துறையாரின் பயிற்சிகளிலும் புதிய யந்திரங்களைக் காட்டுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியைப் பழைய வடிகட்டியை அறுத்துக் காட்டுவதற்கு ஒதுக்கலாம்.

அறுத்துப் பார்ப்பது என்பது விளையாட்டுச் சொல்லன்று. கழற்றிய குடுவையின் மேல் விளிம்பை இரும்பு ரம்பத்தால் சுற்றிலும் அறுத்து, அறுத்த தூள் காகிதத்தில் கலவாமல் துடைத்து, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்த்தால் என்ஜினின் ஜாதகமே அதில் எழுதியிருக்கும். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு தேய்கிறது. செம்புநிறமாய் ஒட்டாமல் நின்றால் பேரிங் தேய்கிறது. விரலிடையில் நறநறவென்று அரைபட்டால் புழுதி. காற்று வடிகட்டியையும் ரப்பர்க் குழாயையும் அன்றே சோதிக்கவேண்டும். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்தோ, ஓரப்பசை விட்டுப்போயோ இருந்தால் வடிகட்டியே மட்டச்சரக்கு. அடுத்த முறை அந்தப் பெயரை வாங்காதிருக்கலாம். குழுவண்டியாயின் இரண்டு அங்கத்தினர்கள் முன்னிலையில் அறுத்து, கண்டதை நோட்டில் ஒரு வரி எழுதிவிடுவது நன்று.

அறுக்குமுன் குடுவையை ஓர் இராமுழுதும் தகர டின்னின்மேல் கவிழ்த்து எண்ணெயை வடியவிடவேண்டும். பழைய எண்ணெய் 2016-ம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. அதைக் கிணற்றடியிலோ ஓடைக்கரையிலோ ஊற்றினால் குடிதண்ணீர் கெடும். மூடியுள்ள டின்னில் சேர்த்து, மறுசுத்திக்கு எடுக்க அங்கீகாரம் பெற்றவரிடமே கொடுக்கவேண்டும். எண்ணெய் துடைத்த பஞ்சும் துணியும் தீப்பொறி பட்டால் எளிதில் பற்றுமாதலால், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கொட்டகைகளுக்கு அண்மையிலுள்ள களங்களில் அவற்றை வரப்பில் எறிந்துவிட்டு வராமல், மூடியிட்ட இரும்பு டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது முறை.